எச்.ஐ.வி. மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோவது: நெல்லைச் சீமையில் எது நடக்கும், எது நடக்காது

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதன் பிறகு பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வாசலுக்கு வருவது நம் கிராமங்களில் பழகிப்போன காட்சி ஆகிவிட்டது. அந்தப் பையிலேயே எச்.ஐ.வி. மாத்திரையையும் போட்டு அனுப்பினால் வேலை முடிந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் தப்பில்லை. மாத்திரை ஒன்றுதான், நாளைக்கு ஒரு வேளைதான், குளிர்பெட்டி வேண்டாம், எடை ஒன்றும் பெரிதில்லை.

சிரமமெல்லாம் வாசலில் இருக்கிறது. பிரஷர் மாத்திரை கொடுக்க வருகிறவரைத் தெருவே பார்த்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்க வருகிறவர் இன்னார் என்று ஒரு வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் போதும்; மகளுக்கு வந்த வரன் தட்டிப்போகும், குழாயடியில் பேச்சு நிற்கும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தள்ளி உட்காரவைப்பார்கள். கடைசியில் மருந்து வாங்கியவரே "இனிமே வராதீங்க" என்று சொல்லிவிட்டு மாத்திரையையும் நிறுத்திவிடுவார். சிகிச்சையைப் பக்கத்தில் கொண்டுவந்ததே சிகிச்சையைக் கெடுத்த கதையாக முடியும்.

ஆகவே வீட்டு வருகையை எல்லோருக்குமான திட்டமாக வைப்பது சரிப்படாது. பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது இரண்டு: ஒரே தவணையில் கூடுதல் மாத மருந்து, அதைப் பக்கத்து ஊரில் வாங்கும் வசதி. வீடு தேடிப் போக வேண்டியது ஒரு சிலருக்கு. அவர்களுக்கும் ஒரு சில காலத்துக்கு. யார் அந்த ஒரு சிலர், போகிறவர் பையில் என்ன இருக்க வேண்டும், எங்கே இடறும் என்பதைப் பார்ப்போம்.

ஹைகிரவுண்டு வரை ஒரு நாள்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் வழிநடத்திய ஆய்வில். அரசு இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ல். தொடக்கத்தில் கைவிரல் விட்டு எண்ணும் அளவு மருத்துவமனைகளில்தான் மருந்து. அதில் தாம்பரம் சானடோரியம் ஒன்று. தெற்கே இருப்பவர் மருந்துக்காக ரயிலேற வேண்டியிருந்த காலம் அது. இன்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. பரிசோதனைக்கு நம்பிக்கை மையங்கள் இருக்கின்றன. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் நோய் உறுதியானவுடன் மருந்து என்ற கொள்கை 2017-ல் வந்தது. உடல்நிலை சீரானவர்கள் மருந்தை மட்டும் வாங்கிக்கொள்ள இணைப்பு ஏ.ஆர்.டி. மையங்கள் என்ற ஏற்பாடும் உண்டு.

காகிதத்தில் இது போதுமானதாகத் தெரியும். தரையில் இறங்கிப் பார்த்தால் தூரம் தெரியும். மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று போகும் மலைப்பாதையில் பஸ் என்பதே எண்ணி வரும் பொருள். காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழியில் இருக்கும் காணி மக்கள் முதலில் காட்டைத் தாண்ட வேண்டும், பிறகு பாபநாசம் வனச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும், அப்புறம்தான் பஸ். கடற்கரையில் உவரி, கூட்டப்புளி, பெருமணல் பக்கம் சாலை நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்கள் கரையில் இருப்பதில்லை, கேரளத்துத் துறைமுகங்களிலிருந்து பல நாள் தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கு ஒரு நாள் ஹைகிரவுண்டு என்றால் அன்றைய சுற்று போச்சு. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உதவிதான். ஆனால் போன கூலி போனதுதான். மையத்தில் பதிவு, கவுன்சலர், டாக்டர், மருந்து வாங்கும் ஜன்னல் என்று ஒவ்வொன்றாக முடித்து வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பக்கத்தில் மையம் இருந்தும் வேண்டுமென்றே தூரத்து மையத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தெரிந்த முகம் கண்ணில் படக்கூடாது என்பதற்காகப் பஸ் கட்டணத்தை ரகசியத்துக்குக் கொடுக்கும் விலையாகவே எண்ணுகிறார்கள். திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தில் கோடு கிழிக்கும்போது முதலில் மறப்பது இவர்களைத்தான்.

வெளிநாட்டுப் பாடம், அளவோடு

வீட்டுக்கு மருந்து கொண்டுபோவதால் தரம் குறையாது என்பதற்கு நல்ல ஆதாரம் உகாண்டாவின் ஜிஞ்ஜா வட்டாரத்தில் கிடைத்தது. 1,453 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வு 2009-ல் வெளியானது. மருத்துவரோ செவிலியரோ அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஊழியர்கள் மாதாமாதம் மோட்டார் சைக்கிளில் போய் மருந்து கொடுத்து, கேள்விப் பட்டியலைப் பார்த்து உடல்நிலை விசாரித்தார்கள். மருந்து பலிக்காமல் போன விகிதம் மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு இருந்த அளவேதான். நோயாளியின் கைச்செலவு பாதிக்கும் குறைவு.

மொசாம்பிக்கின் டேட்டே மாகாணத்தில் 2008-ல் வேறொரு வழி பிறந்தது. ஆறு பேர் வரை ஒரு குழு. மாதம் ஒருவர் மருத்துவமனைக்குப் போய் எல்லோருக்கும் மருந்து வாங்கி வருவார். சுற்று முறையில் போவதால் ஒவ்வொருவரும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது டாக்டர் கண்ணில் பட்டுவிடுவார். அருமையான ஏற்பாடு. ஆனால் அப்படியே நம் பக்கம் நட்டால் பிடிக்காது. குழு என்றால் ஆறு பேரும் ஒருவர் நிலையை ஒருவர் அறிந்தாக வேண்டும். ஒரே தெருவில் ஆறு பேர் என்றால் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். வேறு வேறு தெரு என்றால் இந்தத் தெருக்காரருக்கு அந்தத் தெருவில் என்ன வேலை என்ற கேள்வி வரும். தெரு என்பது இங்கே சாதியின் எல்லையாகவும் இருப்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் பாசிட்டிவ் சங்கங்களில் ஏற்கெனவே அறிமுகமானவர்கள், ஒருவரையொருவர் மறைக்கத் தேவையில்லாதவர்கள், தம்பதிகள் ஆகியோருக்கு இந்த முறை பொருந்தும்.

லெசோத்தோவில் வீட்டிலேயே பரிசோதித்து, அன்றே மாத்திரையைக் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்துக்குள் மருத்துவமனையோடு தொடர்பில் வந்தவர்கள் 68.6 சதவீதம், வழக்கமான முறையில் 43.1. ஓராண்டு முடிவில் வைரஸ் அடங்கியவர்கள் 50.4, வழக்கமான முறையில் 34.3. முன்னேற்றம்தான். ஆனாலும் பாதிப் பேருக்கு வைரஸ் அடங்கியதாகக் காட்ட முடியவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது. முதல் டப்பாவை வீட்டில் கொடுப்பது சுலபம். ஏழாவது, பன்னிரண்டாவது டப்பாதான் பாடு. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த மற்றொரு ஆய்வில், ஊருக்குள்ளேயே மருந்தும் பரிசோதனையும் தந்தபோது ஆண்களில் 73 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியது. மருத்துவமனைக்கு வரச் சொன்னபோது 54. வேலையை விட்டு வராதவர்கள் ஆண்கள் என்பது எந்தக் கண்டத்திலும் மாறவில்லை போலும்.

டப்பாவுக்குள் இருப்பது

இன்று பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தரப்படுவது டி.எல்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒற்றை மாத்திரை: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலூடெக்ராவிர் 50 மி.கி. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் போடலாம். ராத்திரி போட்டுத் தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். மேலப்பாளையத்தில் நோன்பு வைப்பவர் இஃப்தாருக்குப் பிறகோ ஸஹரிலோ ஒரே நேரத்தை வைத்துக்கொண்டால் போதும், நோன்புக்காக மருந்தை விட வேண்டியதில்லை. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போட வேண்டும். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் போடலாம். இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

டப்பாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், வீட்டில் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். மாத்திரையை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் அடியில் அது நடக்காது. மண் தரையை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டு, குதிருக்குப் பின்னால், சுவரோரம் வைத்த மண்பானைக்கு அருகில் (உள்ளே வேண்டாம்) என்று வீட்டிலேயே குளிர்ந்த இடத்தை முதல் வருகையில் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். டிவிக்கு மேலே, பைக் பெட்டிக்குள், அடுப்படிப் பரணில் வைக்கக்கூடாது.

டப்பாவைக் குலுக்கினால் சத்தம் கேட்கும். பஸ்ஸில் பையிலிருந்து கலகலவென்று சத்தம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார் என்ற பயத்தில் பலர் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக்கொள்கிறார்கள், அல்லது பழைய வைட்டமின் டப்பாவுக்கு மாற்றுகிறார்கள். அப்போது ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் பழைய டப்பாவிலேயே தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மாத்திரை பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். தீர்வு எளிது: சத்தம் வராமல் மேலே சுத்தமான பஞ்சை அடைத்து, அந்தப் பொட்டலத்தோடு அதே டப்பாவில் வைக்க வேண்டும். பெயர்தான் உறுத்தல் என்றால் வெளிச்சீட்டின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, காலாவதித் தேதியை மட்டும் அதில் எழுதிக்கொள்ளலாம். கடல் தொழிலுக்குப் போகிறவர், போகும் நாள் கணக்குக்கு மேல் ஏழு மாத்திரை கூட எடுத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு சின்ன டப்பாவில் இறுக மூடி, அதை இரட்டை பிளாஸ்டிக் உறைக்குள் வைக்க வேண்டும். மாத்திரையைப் போலவே காட்டிக்கொடுப்பது நோயாளி கையில் இருக்கும் பச்சை நிறச் சிகிச்சைப் புத்தகம். அதை வீட்டில் எங்கே வைப்பது என்பதையும் முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

மாத்திரை எண்ணுவது பார்வைக்குச் சின்ன வேலை. 90 கொடுத்து, 85 நாள் கழித்துப் போனால் 5 மீதி இருக்க வேண்டும். 12 இருந்தால் ஏழு வேளை தவறியிருக்கிறது. 85-க்கு 78, அதாவது ஏறத்தாழ 92 சதவீதம். 95-க்குக் கீழே என்றால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. கணக்கு பிசகுவது இரண்டு வழியில். போன தவணையில் மீந்த ஆறு மாத்திரையைக் கூட்டாமல் விட்டால், தவறியது அதிகமாகத் தெரியும். எண்ணுவார்கள் என்று தெரிந்து முந்தின நாளே கூடுதல் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டால் கணக்கு மிகச் சுத்தமாக இருக்கும். எப்போதும் நூற்றுக்கு நூறு காட்டுகிறவர் மேல்தான் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும். போலீஸ் விசாரணை மாதிரி எண்ணினால் எல்லோருமே நூற்றுக்கு நூறு காட்டுவார்கள். "இந்த மாசம் எந்த நேரத்துல போடக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு எண்ணினால் பேச்சும் வரும், மாத்திரையும் வரும்.

இரண்டு பைகள் ஒன்றையொன்று அறியாதபோது

டோலூடெக்ராவிர் உலோகச் சத்துகளோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. ஜெலுசில் போன்ற வயிற்றெரிச்சல் மருந்து போடுவதானால், அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ டி.எல்.டி. போட வேண்டும். கர்ப்பிணிக்குச் சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுக்கிறார்கள். அவற்றையும் டி.எல்.டி.யையும் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு சேர்த்துப் போடலாம். வெறும் வயிற்றில் என்றால் அதே இரண்டு மணி, ஆறு மணி இடைவெளி. கிராமச் செவிலியர் ஒரு பக்கம், ஏ.ஆர்.டி. மையம் மறுபக்கம் கொடுப்பதால் இதை அந்தப் பெண்ணுக்குச் சேர்த்துச் சொல்கிறவர் யாருமில்லை. வீட்டுக்குப் போகிறவர்தான் சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் சீமை இது; செந்தூரமும் பற்பமும் வீட்டு மருந்து. அயச்செந்தூரம் இரும்பு. சங்கு பற்பமும் முத்துச்சிப்பி பற்பமும் சுண்ணாம்புச் சத்து. மாத்திரைக்குச் சொன்ன அதே தடை இங்கும் வரும் என்று கருதி இடைவெளி விடுவதே பாதுகாப்பு. "நாட்டு மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், திட்டுவார்கள் என்று பயம். "தேன்ல குழைச்சுச் சாப்பிடுற பொடி ஏதும் உண்டா?" என்று கேட்டால் டப்பா வெளியே வரும்.

சர்க்கரை நோய்க்கு வாசலில் வரும் மெட்ஃபார்மின் இன்னொரு கண்ணி. டோலூடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஆகவே நாளொன்றுக்கு 1,000 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. 500 மி.கி. மாத்திரையில் நாளுக்கு மூன்று, நான்கு போடுகிறவர் கையில் டி.எல்.டி.யும் இருந்தால் இரண்டு டாக்டர்களுக்கும் தகவல் போக வேண்டும். போகாததற்குக் காரணம் அலட்சியம் அன்று, நோயாளி ஒளிப்பதுதான். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலூடெக்ராவிர் பாதியும் வேலை செய்யாது. காலையில் டி.எல்.டி. போட்டால் 12 மணி நேரம் கழித்துத் தனியாக 50 மி.கி. டோலூடெக்ராவிர் ஒன்று சேர்க்க வேண்டும். காசநோய் மருந்து முடிந்து இரண்டு வாரம் வரை இது தொடரும். வலிப்புக்கு ஃபெனிடோயின், கார்பமாசெபின் எடுப்பவர்களையும் டாக்டரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிறவர்களும் வயல் வேலை செய்கிறவர்களும் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை, டெனோஃபோவிரோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். வருகைக்கு வருகை கேட்க வேண்டிய கேள்வி இது.

வீட்டில் செய்யக்கூடாதது

மருந்தை வாசலுக்குக் கொண்டுவரலாம். எல்லாப் பரிசோதனையையும் கொண்டுவர முடியாது. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை, பார்க்க எடுத்த ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைச் சில மணி நேரத்துக்குள் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். இஞ்சிக்குழியில் எடுத்து நெல்லைக்கு அனுப்பும் கதை இல்லை இது. மருந்து தொடங்கி ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் செய்யும் பரிசோதனை இது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் நோயாளியை வண்டி வைத்தாவது மையத்துக்கு அழைத்து வருவதே மேல். அன்றைக்கே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிடலாம். வைரஸ் எண்ணிக்கை 1,000-க்கு மேல் வந்தால் மருந்தை மாற்ற அவசரப்படக்கூடாது; முதலில் மேலே சொன்ன வயிற்றெரிச்சல் மருந்து, செந்தூரம், விட்ட வேளைகள் எல்லாவற்றையும் துருவிவிட்டு மறுபரிசோதனை செய்வார்கள்.

பச்சிளம் குழந்தைக்கு வடிதாளில் ரத்தப் பொட்டு எடுத்து அனுப்பும் முறை உண்டு. குதிகாலில் குத்தி, தாளில் அச்சிட்ட வட்டங்களை நிரப்பி, கை படாமல் கிடையாக வைத்து உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் மூட வேண்டும். முதல் பரிசோதனை ஆறு வாரத்தில். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த தாளை மூடி அனுப்பிவிடுவதுதான் மாதிரி நிராகரிக்கப்படுவதற்கு வழக்கமான காரணம். வெயிலில் காட்டுவதும் தப்பு, ஃபேன் காற்றில் வேகமாக உலர்த்துவதும் தப்பு.

வளரும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு எடை மெஷின் இல்லாமல் போகவே கூடாது. தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் 10 மி.கி. டோலூடெக்ராவிர் மாத்திரை 6 கிலோவிலிருந்து 10 கிலோவுக்குள் ஒன்றரை, 10 முதல் 14 வரை இரண்டு, 14 முதல் 20 வரை இரண்டரை. மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வந்தால், பிள்ளை நடுவில் அடுத்த கட்டத்துக்கு ஏறிவிடும். அளவு மட்டும் பழையபடியே நிற்கும்.

புதிதாக நோய் தெரிந்தவருக்கு வீட்டிலேயே மருந்து தொடங்கலாமா என்றால், இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை என்ற நான்கில் ஒன்று இருந்தாலும் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். விடாத தலைவலி, கழுத்துப் பிடிப்பு, மயக்கமான பேச்சு இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மூளைச்சவ்வில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையோ காசநோயோ இருக்கும்போது கூட்டு மருந்தை உடனே தொடங்கினால், விழித்தெழும் எதிர்ப்புச் சக்தியே உயிருக்கு உலை வைக்கும். அவர்களுக்குச் சில வாரம் பொறுத்துத்தான் தொடங்குவார்கள். ஹெபடைட்டிஸ் பி சேர்ந்து இருப்பவருக்கு இதற்கு நேர்மாறான ஆபத்து: டி.எல்.டி.யைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் வீங்கும்.

யாருக்கு, யார் போவது

வீட்டு வருகை உண்மையில் தேவைப்படுகிறவர்கள்: படுக்கையில் இருப்பவர், துணையில்லாத முதியவர், நிறைமாதக் கர்ப்பிணியும் புதிதாகப் பெற்றவளும், மருந்து தொடங்கி முதல் ஆறு மாதத்தில் தடுமாறுகிறவர், தவணை தப்பி போனும் எடுக்காதவர், மலைக்குடியிருப்புகளில் இருப்பவர். வைரஸ் அடங்கி, ஒழுங்காக மருந்து எடுக்கும் மற்றவர்களுக்கு மூன்று மாத மருந்தே பெரிய விடுதலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பஸ் நின்றபோது பல மாத மருந்தை மொத்தமாகத் தரச் சொல்லி தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வழிகாட்டியது. நெருக்கடிக்கு வந்த வழி நல்ல வழியாகவும் இருந்தது.

போகிறவர் அதே ஊர்க்காரராக இருந்தால் விஷயம் கசியும் என்று நோயாளி பயப்படுவார். வெளியூர்க்காரராக இருந்தால் தெருமுனையிலேயே "எந்த ஊரு தம்பி? ஆரு வீட்டுக்கு?" என்று கேள்வி வரும், அவர் போன பிறகு "ஆரு மைனி அது, போன மாசமும் வந்துச்சே?" என்று அடுத்த கேள்வி வரும். ஆகவே முதல் வருகைக்கு முன்னாலேயே, மையத்தில் வைத்து, யார் வரலாம், எந்த நேரம், எங்கே, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற நான்கையும் நோயாளியிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பலர் வீட்டைச் சொல்ல மாட்டார்கள். பாவூர்சத்திரம் சந்தை, அம்பாசமுத்திரம் ரயில் நிலையம், சுற்றிய பீடியைக் கொடுக்கப் போகும் கடைக்குப் பக்கத்துத் தெரு என்று வெளியிடம் சொல்வார்கள். அதுவே நல்லது. வாரத்தில் எப்படியும் வெளியே போகும் நாளில், போகும் வழியில் மருந்து கைமாறினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். துறையின் பெயர் எழுதிய பை, கழுத்து அட்டை, சிவப்பு ரிப்பன் ஒட்டிய வண்டி எதுவும் வேண்டாம்.

2017-ல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, ஒருவர் நிலையை அவரது எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது. வீட்டில் கணவருக்கே தெரியாது என்றால் கணவர் கையில் டப்பாவைக் கொடுத்துவிட்டு வருவதும் வெளியிடுவதுதான். பதிவேட்டில் பெயர் இருக்கக்கூடாது. குறியீட்டு எண் மட்டும். வாட்ஸ்அப்பில் மாத்திரைப் படம், முகவரி, ரத்தப் பரிசோதனைச் சீட்டு எதையும் அனுப்பக்கூடாது. குழுவில் தவறிப் போய் விழுந்த ஒரு படத்தை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

பையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. மருந்து டப்பா, எடை மெஷின், பிரஷர் மெஷின், தெர்மாமீட்டர், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், மாத்திரை எண்ணச் சின்னத் தட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், ஆபத்து அறிகுறி அட்டை, அவசரத்துக்குக் கூப்பிட டாக்டர் எண். வாசலில் நிற்காமல் உள்ளே போய் உட்கார்ந்தால் எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை.

மழை, கொடை, ரயில்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. சாலை அறுந்து, ரயில் நடுவழியில் நின்ற அந்த நாட்களில் ஹைகிரவுண்டுக்கு வருவதை நினைத்தே பார்க்க முடியாது. மருந்து தீரும் தேதி கார்த்திகை, மார்கழியில் விழுபவர்களுக்கு ஐப்பசியிலேயே அடுத்த தவணையைக் கொடுத்துவிட வேண்டும். எல்லோர் கையிலும் எந்நேரமும் இரண்டு வார மருந்து உபரியாக இருக்க வேண்டும். மையத்து ஸ்டாக் புத்தகம் கூடுதல் மாதம் கொடுக்க இடம் தராது என்பார்கள். உபரியைக் கணக்கில் சேர்த்து முன்கூட்டியே இன்டென்ட் (மருந்து கேட்புப் பட்டியல்) போட்டால் இடம் தரும். மழை தொடங்கிய பிறகு கேட்டால் தராது.

சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கும், கடையில் வேலை பார்க்கும் நம் பக்கத்து ஆண்கள் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருவார்கள், ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு வருவார்கள். ஆண்டில் உறுதியாகக் கையில் கிடைக்கும் நாட்கள் அவை. அந்த வாரத்தில் ரத்தப் பரிசோதனையை முடித்து, போகிற ஊர் மையத்துக்கு முறைப்படி மாற்றுச் சீட்டு கொடுத்துவிட வேண்டும். சீட்டு இல்லாமல் போனவர் அங்கே புதியவராகப் பதிவாகி, முந்தைய மருந்து விவரம் எதுவும் தெரியாமல் தொடங்குவார். 2024-ல் மாஞ்சோலையில் தோட்ட வேலை முடிவுக்கு வந்தபோது கீழே இறங்கிய குடும்பங்களைப் போல, பிழைப்பு முடிந்து ஊர் மாறுபவர்களுக்கும் இதே கதைதான்.

வீடு வீடாகப் போகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வேலையைச் சிறப்பாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தாங்களே எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள், ஏ.ஆர்.டி. மையத்தில் ஒருங்கிணைப்பாளர் பணியிடமே அவர்களுக்கு என்றுதான் வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் காசும் போன் ரீசார்ஜும் மாதக்கணக்கில் நிலுவை என்றால் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அப்போது போவது ஒரு ஊழியர் மட்டுமில்லை. எந்த வீட்டில் எந்த நேரம், யாரிடம் என்ன சொல்வது என்ற எழுதாத கணக்கும் கூடவே போகும். புதியவர் வந்தால், கையில் முகவரிப் பட்டியலைக் கொடுத்து அனுப்பாமல், பழையவர் ஒவ்வொரு நோயாளிக்கும் போன் போட்டு, இன்னார் வரப்போகிறார், சம்மதமா என்று கேட்க வேண்டும். சம்மதம் இல்லை என்று சொல்பவருக்கு மையத்திலோ இணைப்பு மையத்திலோ மருந்து வாங்கும் வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பழையவரை விடுவிக்க வேண்டும்.